ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

‘1 கப் = 250 கிராம்’ என்று ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேக் செய்யக் கற்றுத்தரும் வீடியோக்களின் கீழேயும் இதே கேள்வி, இதே பதில். தண்ணீருக்கு இந்தப் பதில் சரி. அதுவும் அந்தக் கப் 250 மில்லி பிடித்தால். மைதாவை இந்தக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும். தேனை இந்தக் கணக்கில் ஊற்றினால் நூறு கிராம் குறையும். இந்த ஒற்றை எண்ணை நம்பி வெண்ணெயும் முட்டையும் வாங்கி, அரை நாளைச் செலவழித்து, கல் போன்ற கேக்கை வெட்டிக்கொண்டு, ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று ஓவனை மூலையில் தள்ளிவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை. அளவு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை யாரும் பொறுமையாகச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு எட்டாம் வகுப்பு அறிவியலே போதும்.

படியில் அரிசி, படியில் பொரி

ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படி ஒன்றுதான், அவை அடைத்துக்கொள்ளும் இடமும் ஒன்றுதான். அரிசிப் படியைத் தூக்கினால் கை இறங்கும். பொரிப் படியைக் குழந்தைகூட ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும்.

ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது அதன் கன அளவு. லிட்டர், மில்லி, கப், ஸ்பூன், டம்ளர், படி, ஆழாக்கு எல்லாம் இந்த வகை. அது எவ்வளவு பாரம் என்பது எடை. கிராம், கிலோ, பவுண்டு இந்த வகை. இரண்டையும் இணைப்பது அடர்த்தி, அதாவது ஒரு மில்லி இடத்தில் அந்தப் பொருள் எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு. கப்பிலிருந்து கிராமுக்குப் போக வேண்டுமென்றால் மில்லியை அடர்த்தியால் பெருக்க வேண்டும். திரும்பி வர வேண்டுமென்றால் வகுக்க வேண்டும். இதைத் தாண்டி வேறு சூத்திரம் கிடையாது. பொருளுக்குப் பொருள் அடர்த்தி மாறுவதால், எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு ‘கப் – கிராம்’ எண்ணும் கிடையாது.

தண்ணீருக்கு மட்டும் அடர்த்தி 1 என்று அழகாக அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1795இல் பிரான்சில் கிராம் என்ற அலகை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையைத்தான் ஒரு கிராம் என்று வைத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் என்பதுதான் ஒரு மில்லி. எனவே 250 மில்லி தண்ணீர் 250 கிராம் நிற்கிறது. தண்ணீருக்காக வகுத்த சமன்பாட்டை மாவுக்கும் சர்க்கரைக்கும் நீட்டியதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இதற்குச் சாட்சி நம் சமையலறையிலேயே இருக்கிறது. எண்ணெய் பாக்கெட்டின் அச்சைப் படித்துப் பாருங்கள். 1 லிட்டர் என்று எழுதி, பக்கத்திலேயே 910 கிராம் என்றும் போட்டிருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை. சூடேறினால் எண்ணெய் விரிவதால் ஒரே எடை எண்ணெய் அதிக இடத்தை அடைக்கும். சில கம்பெனிகள் 60 டிகிரி வெப்பத்தில் உள்ள கன அளவைப் பாக்கெட்டில் போட்டு வந்தன. சோயா எண்ணெயை எடுத்துக்கொண்டால், 21 டிகிரியில் ஒரு லிட்டர் 919 கிராம் எடை. 60 டிகிரியில் ஒரு லிட்டர் 892.6 கிராம்தான். வாங்குகிறவருக்கு இருபத்தைந்து கிராமுக்கு மேல் நஷ்டம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போடுங்கள், கூடவே எடையையும் போடுங்கள் என்று அறிவுறுத்தியது. எண்ணெயை நீங்கள் சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் எடை மாறாது, கன அளவு மாறும். பேக்கிங்கில் எடையை நம்பச் சொல்வதற்கான அடிப்படை இதுதான்.

முட்டையில்லாத கேக்குக்கு நாம் உடைக்கிற கண்டென்ஸ்டு மில்க் டின் இன்னொரு சாட்சி. டின்னில் இருப்பது 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை செறிந்த அந்தப் பால் தண்ணீரைவிட அடர்த்தி அதிகம் என்பதால், டின்னை வழித்து ஊற்றினால் சுமார் 310 மில்லிதான் வரும், அதாவது ஒன்றேகால் கப்பைக் கொஞ்சம் தாண்டும். ‘400 கிராம்தானே’ என்று இன்னொரு பெரிய டின்னைத் திறந்து மெஷரிங் ஜாரில் 400 மில்லி கோடு வரை ஊற்றினால், கிட்டத்தட்ட 115 கிராம் கூடுதலாக விழும். கேக் தித்தித்து, நடுவில் வேகாமல் பிசுபிசுக்கும்.

இதுவரை பார்த்ததில் இரண்டு விஷயம் நினைவில் நின்றால் போதும். கப் என்பது இடத்தின் அளவு, கிராம் என்பது பாரத்தின் அளவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்தந்தப் பொருளின் அடர்த்தி தெரிய வேண்டும்.

மாவுக்குள் இருக்கும் காற்று

திரவங்களோடு விஷயம் முடிந்திருந்தால், அடர்த்தி அட்டவணை ஒன்றை ஒட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பொடிகளில்தான் உண்மையான தொல்லை.

ஒரு டிஜிட்டல் எடை மெஷினில் 240 மில்லி மெஷரிங் கப்பை வைத்து, எடையைச் சைபர் ஆக்கிக்கொள்ளுங்கள். டப்பாவில் உள்ள மைதாவை ஒரு ஸ்பூனால் கிளறி இளக்கிவிட்டு, அந்த ஸ்பூனாலேயே அள்ளி அள்ளிக் கப்பில் மெதுவாகப் போடுங்கள். கோபுரமாகக் குவிந்ததும் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். மெஷின் 120 கிராமை ஒட்டிக் காட்டும். இப்போது கப்பை மேசையில் நாலு தட்டு தட்டுங்கள். விளிம்புவரை இருந்த மாவு ஒரு விரல் அளவு இறங்கிவிடும். காலியான இடத்தை நிரப்பி மீண்டும் வழித்தால் எடை 140ஐத் தாண்டும். இதற்குப் பதில் கப்பையே நேராக மாவு டப்பாவுக்குள் விட்டு, பக்கச் சுவரில் அழுத்தி அள்ளியிருந்தால் 150ம் வரும், அதற்கு மேலும் வரும். கப்பும் அதே, மாவும் அதே, மேலே வழித்ததும் அதே. அள்ளிய விதத்தில் மட்டும் முப்பது கிராம் வித்தியாசம்!

காரணம், கப்புக்குள் இருப்பது மாவு மட்டும் இல்லை. மாவுத் துகளை மட்டும் தனியாக எடுத்தால் அதன் அடர்த்தி 1.4, 1.5 என்ற அளவில் இருக்கும். தண்ணீரில் போட்டால் அடியில் படிகிற பொருள்தான் அது. 120 கிராம் மாவுத் துகள் அடைக்கும் உண்மையான இடம் 85 மில்லிக்குள்தான். 240 மில்லி கப்பில் மீதி 155 மில்லி? அத்தனையும் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று. நாம் ஒரு கப் மைதா என்று அளப்பதில் பாதிக்கு மேல் காற்றுதான். இப்படித் துகளையும் இடையிலுள்ள காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்திக்குப் பரும அடர்த்தி என்று பெயர். பொடிகளுக்குக் கப்–கிராம் கணக்கில் பயன்படுவது இந்த அடர்த்திதான். காற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும்.

மாவு ஏன் தானாகவே நன்றாகப் படிந்து உட்காருவதில்லை என்று கேட்கலாம். ஒரு துகளின் குறுக்களவு பாதியானால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் பக்கத்துத் துகளோடு அதை ஒட்டவைக்கும் விசை அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. எனவே பொடி நைசாக ஆக ஆக, துகளைக் கீழே இழுக்கும் எடையை ஒட்டும் விசை மிஞ்சிவிடுகிறது. துகள்கள் உருண்டு விழுந்து இடைவெளியை நிரப்பாமல், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன வளைவுகளாகவும் பொந்துகளாகவும் நின்றுவிடுகின்றன. தட்டினாலோ அழுத்தினாலோ அந்த வளைவுகள் உடையும், காற்று வெளியேறும், மாவு இறங்கும். சலித்தால் மறுபடி பொந்துகள் உண்டாகும். சலித்த மைதாவை அளந்தால் கப்புக்கு 110 கிராம்கூட நிற்கலாம்.

சர்க்கரை இப்படிப் படுத்துவதில்லை. அதன் பரல் பெரியது, கனமானது. கப்பில் கொட்டியதும் சரசரவென்று உருண்டு இடம் பிடித்துக்கொள்ளும். அழுத்தினாலும் பெரிதாக அமுங்காது. அதனால் ஒரு கப் சர்க்கரை யார் அளந்தாலும் 200 கிராமை ஒட்டியே வரும். ரவையும் ஏறக்குறைய இப்படித்தான். மைதா, கோகோ பவுடர், ஐசிங் சுகர், கார்ன்ஃப்ளோர் ஆகிய நைஸ் பொடிகளில்தான் அள்ளுகிற கையைப் பொறுத்து அளவு ஆட்டம் காண்கிறது.

சர்க்கரையைப் பொடிப்பதற்கு முன்பா, பின்பா?

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிசகு இது. கடைச் சர்க்கரையின் பரல் பெரிதாக இருப்பதால் வெண்ணெயில் கரைய நேரமாகும். அதனால் மிக்ஸியில் பொடித்துச் சேர்க்கிறோம். செய்முறையில் ‘பொடித்த சர்க்கரை 1 கப்’ என்று இருந்தால், பொடித்த பிறகு அளக்க வேண்டும். ‘சர்க்கரை 1 கப், பொடித்தது’ என்று இருந்தால், அளந்த பிறகு பொடிக்க வேண்டும். ஒரு கப் சர்க்கரையை மிக்ஸியில் ஓட்டித் திறந்து பாருங்கள். பொடி ஒரு கப்பில் அடங்காது. நன்றாக நைசாகியிருந்தால் ஒன்றரைக் கப்பையும் தாண்டும். நீங்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, 200 கிராம் 200 கிராமாகத்தான் இருக்கிறது. துகள் சிறுத்ததால் காற்று கூடியது, அவ்வளவே. கடையில் விற்கும் ஐசிங் சுகர் ஒரு கப்பில் 120 கிராம்தான் நிற்கும். செய்முறையில் ‘சர்க்கரை 200 கிராம்’ என்று எழுதியிருந்தால் இந்த முன்பு, பின்பு என்ற கேள்வியே எழாது. பொடித்துவிட்டு எடை போட்டாலும் எடை போட்டுவிட்டுப் பொடித்தாலும் ஒன்றுதான்.

அமெரிக்கச் செய்முறைகளில் சலித்த மாவுக்கும் இதே விதி. ‘சலித்த மாவு 1 கப்’ என்றால் முதலில் சலிக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும். ‘மாவு 1 கப், சலித்தது’ என்றால் வரிசை மாறும்.

சுருக்கமாக: ஒரே வெப்பநிலையில் திரவத்தின் அடர்த்தி நிலையானது, பெரிய பரலில் ஓரளவு நிலையானது, நைஸ் பொடியில் அளக்கிற கைக்கு ஏற்ப மாறும்.

கப் என்றால் எந்தக் கப்?

கப் என்ற அளவே ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் கப் 237 மில்லி. அங்கே உணவுப் பாக்கெட் லேபிள்களுக்குச் சட்டப்படி எடுத்துக்கொள்ளும் கப் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, ரைஸ் குக்கரோடு வரும் ஜப்பானியக் கப் 180. நம் கடைகளில் விற்கும் மெஷரிங் கப் செட்டுகளில் 240ம் உண்டு, 250ம் உண்டு, கைப்பிடியில் பொறித்திருக்கும். பொறித்திருப்பதை நம்பாமல் சோதிக்கவும் வழி இருக்கிறது. கப்பை எடை மெஷினில் வைத்துச் சைபர் ஆக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி உங்கள் கப். வீட்டு டம்ளரையும் இப்படியே அளந்து தெரிந்துகொள்ளலாம்.

டீஸ்பூன் எல்லா ஊரிலும் 5 மில்லி. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான ஊர்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் செய்முறையைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

எல்லாப் பொருளையும் ஒரே கப்பால் அளந்தால் கப் சற்றுப் பெரிதாயிருந்தால் என்ன, விகிதம் மாறாதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாமே கப்பில் இருந்தால் மாறாது. ஆனால் முட்டையை எண்ணிப் போடுகிறோம், வெண்ணெயைப் பாக்கெட் கணக்கில் போடுகிறோம், கண்டென்ஸ்டு மில்க்கை டின் கணக்கில் ஊற்றுகிறோம். கப் பெரிதானால் மாவு மட்டும் கூடும், முட்டை கூடாது. விகிதம் அங்கே உடைகிறது. வெண்ணெயில் இன்னொரு சிக்கல்: அமெரிக்கர் ‘ஒரு ஸ்டிக்’ என்பது அரைக் கப், 113 கிராம். நம் சின்னப் பாக்கெட் 100 கிராம். இரண்டு ஸ்டிக்குக்கு இரண்டு பாக்கெட் என்று போட்டால் 27 கிராம் குறைகிறது.

அவுன்ஸிலும் கவனம் வேண்டும். எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது வேறு, அது 29.57 மில்லி கன அளவு. எட்டு திரவ அவுன்ஸ் ஒரு அமெரிக்கக் கப் என்பது சரி. அதை வைத்து ‘8 அவுன்ஸ் மைதா ஒரு கப்’ என்று முடிவு கட்டினால் தவறு. எடைக் கணக்கில் 8 அவுன்ஸ் 227 கிராம், மைதாவில் அது ஏறக்குறைய இரண்டு கப்.

இவ்வளவு குழப்பம் இருந்தும் அமெரிக்கர் ஏன் கப்பை விடவில்லை? பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1896இல் வெளியான அவருடைய சமையல் நூல், ‘ஒரு கை மாவு, முட்டையளவு வெண்ணெய்’ என்ற பாணியை விலக்கி, தரப்படுத்திய கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்கும் முறையை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. தராசு இல்லாத வீட்டுக்கு அது பெரிய முன்னேற்றம், அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரிலும் எட்டு ஆழாக்கு ஒரு படி என்று கன அளவில்தான் தானியம் அளந்தோம். படியைத் தலைதட்டி அளப்பதா கோபுரமாக அளப்பதா என்பது எப்போதும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே வழக்குதான். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடைக்குக் கிலோ வந்தது. வீட்டுக்குள் ஆழாக்கும் டம்ளரும் தங்கிவிட்டன.

ஒன்றுக்கு ஒன்று என்றால்

இலங்கைத் தமிழர் வீடுகளில் பட்டர் கேக் கணக்கு வாய்ப்பாடு போலச் சொல்வார்கள்: ஒரு றாத்தல் மா, ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் பட்டர். றாத்தல் என்பது பவுண்டு, 454 கிராம். முட்டை தவிர மூன்றும் சம எடை. இதைக் கப்பில் மாற்றினால் மா மூன்றே முக்கால் கப், சீனி இரண்டே கால் கப், பட்டர் இரண்டு கப். சம எடை என்பது கப்பில் இவ்வளவு ஏற்றத்தாழ்வாகத் தெரிகிறது.

இதைத் திருப்பிப் போட்டுத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ‘எல்லாம் ஒன்றுக்கு ஒன்று’ என்று காதில் விழுந்ததை வைத்து, மைதா ஒரு கப், சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் ஒரு கப் என்று எடுத்தால், தட்டில் விழுவது மைதா 120 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 227. மாவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் சர்க்கரை, ஏறக்குறைய இரண்டு மடங்கு வெண்ணெய். அவ்வளவு கொழுப்பையும் சர்க்கரையையும் தாங்கிப்பிடிக்க மாவு போதாது. ஓவனில் எழும்பிய கேக் நடுவில் பள்ளம் விழுந்து, அடியில் எண்ணெய் கசிந்து நிற்கும். ஓவன் சரியில்லை, பேக்கிங் பவுடர் பழசு என்று பழி எங்கெங்கோ போகும்.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று டம்ளரில்தானே போடுகிறோம், அது கெடுவதில்லையே? கெடாது. அரிசியும் உளுந்தும் முழுத் தானியம், டம்ளரில் ஒரே மாதிரி படியும், தட்டினாலும் பெரிதாக இறங்காது. ஆட்டும்போது தண்ணீரைக் கை பதம் பார்த்துச் சேர்க்கிறோம். முதல் ஈடு கெட்டியாக இருந்தால் அடுத்த ஈட்டுக்குத் திருத்திக்கொள்கிறோம். சாம்பார், பாயசம், உப்புமா எல்லாமே நடுவில் ருசி பார்த்துச் சரிசெய்கிற சமையல். கேக் கலவை ஓவனுக்குள் போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். தராசுக்கு நான் இவ்வளவு வாதாடுவது பேக்கிங்குக்காக மட்டும்தான். இட்லிக்கு டம்ளரே போதும்.

செய்முறையைக் கிராமுக்கு மாற்றுவது

240 மில்லி கப்புக்கு வீட்டில் அடிக்கடி தேவைப்படும் கிராம் அளவுகள்:

தண்ணீர் – 240
பால், தயிர் – 245
எண்ணெய் – 220
தேன் – 340
கண்டென்ஸ்டு மில்க் – 310
வெண்ணெய் – 227
சர்க்கரை – 200
பிரவுன் சுகர், அழுத்தி நிரப்பியது – 215
ஐசிங் சுகர் – 120
மைதா, ஸ்பூனால் போட்டு வழித்தது – 120
ரவை – 165
கோகோ பவுடர் – 85 முதல் 100
ரோல்டு ஓட்ஸ் – 90
சாக்லெட் சிப்ஸ் – 170

250 மில்லி கப் வைத்து எழுதிய செய்முறை என்றால் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நாலு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் சாக்லெட் கேக்கை எடுத்துக்கொள்வோம்: மைதா 1½ கப், சர்க்கரை ¾ கப், வெண்ணெய் ½ கப், தயிர் ½ கப், கோகோ ¼ கப். கிராமில் இது மைதா 180, சர்க்கரை 150, வெண்ணெய் 113, தயிர் 122, கோகோ 22 என்று ஆகும். இதைச் செய்முறையின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கப்பைத் தொடவே வேண்டாம். மாற்றுகிற வேலை ஒரே ஒரு தடவைதான்.

மைதாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கிங் ஆர்தர் என்ற அமெரிக்க மாவு நிறுவனம் ஒரு கப்பை 120 கிராம் என்று எடுக்கிறது. குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 142 கிராம் என்று எடுக்கிறது. இருவர் சொல்வதும் சரிதான். முன்னவர் ஸ்பூனால் போட்டு அளக்கிறார், பின்னவர் கப்பை மாவுக்குள் விட்டு அள்ளி வழிக்கிறார். செய்முறை எழுதியவர் எப்படி அள்ளினார் என்பதுதான் இங்கே தீர்மானிக்கும். அவர் எங்காவது கிராம் கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் 120இல் தொடங்குங்கள். கேக் கலவை ரிப்பனாக விழாமல் தண்ணீராக ஓடினால் ஒரு ஸ்பூன் மாவு சேர்த்துக்கொள்ளலாம். அதிகம் போட்ட மாவைத் திரும்ப எடுக்க முடியாது.

பிரட் செய்கிறவர்களுக்கு

கேக்கைவிட பிரட்டில் இந்த வித்தியாசம் சீக்கிரம் கண்ணில் படும். 3 கப் மைதாவுக்கு 1 கப் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இலேசாக அளந்தால் மாவு 360 கிராம், தண்ணீர் 240. பேக்கரிக்காரர்கள் மாவை எப்போதும் 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதற்கு எத்தனை பங்கு என்று சொல்வார்கள். இதற்குப் பேக்கர் சதவீதம் என்று பெயர். அந்தக் கணக்கில் இங்கே தண்ணீர் 67 சதவீதம். மாவு கையில் கொஞ்சம் ஒட்டும், மெத்தென்று உப்பும், நல்ல பிரட் வரும். அதே மூன்று கப்பை அழுத்தி அள்ளினால் மாவு 450 கிராம், தண்ணீர் 53 சதவீதமாகிவிடும். பிசையும்போதே பூரி மாவுபோல விறைப்பாக இருக்கும். ஈஸ்ட் எவ்வளவு வேலை செய்தாலும் அந்த இறுக்கத்தைத் தள்ளிக்கொண்டு உப்ப முடியாமல், பிரட் அடர்ந்து கனத்துப்போகும். செய்முறையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பேக்கர் சதவீதம் பழகிவிட்டால் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிது. 500 கிராம் மாவு என்றால் 67 சதவீதத் தண்ணீர் 335 கிராம். 300 கிராம் மாவு என்றால் 201. மூன்று கப்பில் எட்டில் ஐந்து பங்கு எவ்வளவு என்று திண்டாட வேண்டாம்.

தராசும் சின்ன அளவுகளும்

1 கிராம் துல்லியம், 5 கிலோ தாங்கும் சாதாரண டிஜிட்டல் கிச்சன் ஸ்கேல் வீட்டுக்குப் போதும். அதில் டேர் என்ற பொத்தான்தான் முக்கியம். மேலே என்ன எடை இருந்தாலும் அதை அழுத்தினால் சைபருக்கு வந்துவிடும். கலக்கும் பாத்திரத்தையே மேலே வைத்து, சைபர் ஆக்கி மாவு, மறுபடி சைபர் ஆக்கிச் சர்க்கரை, மறுபடி சைபர் ஆக்கித் தயிர் என்று ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம். தேனும் எண்ணெயும் ஒட்டிய கப்புகளைக் கழுவுகிற வேலை மிச்சம். முட்டையையும் ஓடு நீக்கி எடை போடுங்கள். அமெரிக்கச் செய்முறைகள் எண்ணுகிற பெரிய முட்டை ஓடில்லாமல் 50 கிராம்; நம் கடை முட்டை அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். நாலு முட்டை போடுகிற கேக்கில் அந்தக் குறை ஒன்றாகச் சேரும்.

பேக்கிங் பவுடர், சோடா, ஈஸ்ட், உப்பு ஆகியவற்றுக்கு மட்டும் டீஸ்பூனை விட வேண்டாம். 1 கிராம் துல்லியமுள்ள மெஷினில் 3 கிராம் ஈஸ்டை எடை போட்டால், ஒரு கிராம் பிசகே மூன்றில் ஒரு பங்கு பிழை. கனமான பாத்திரத்துக்குள் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் பல மெஷின்கள் அந்தச் சின்ன எடையை உணர்வதே இல்லை. நீங்கள் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், எண் அசையாது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சுமார் 3 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5, சோடா 5ஐ ஒட்டி. இங்கே ஸ்பூனில் வரும் பிழை மெஷின் பிழையைவிடச் சிறியது.

உப்பில் மட்டும் எந்த உப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கோஷர் சால்ட் பெரிய, இலேசான பரல். அதில் டைமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்டு உப்பு ஒரு டீஸ்பூனில் 3 கிராம்தான் நிற்கும். அந்த வகை உப்பை வைத்து எழுதிய செய்முறையில் 2 டீஸ்பூன் என்று இருந்தால், நம் தூள் உப்பு 1 டீஸ்பூன் போட்டால் சரியாக இருக்கும்.